உச்சியைக் கேட்டார்கள், மெட்டைச் சொன்னேன்

1

மலையின் பெயரைத் தப்பாகச் சொன்னதற்காக எனக்குக் குடியுரிமையைத் தள்ளிப்போட்டார்கள் என்று சொன்னால், ராசிங்காபுரத்தில் ஒரு ஆள் நம்பமாட்டார். மேற்கே திரும்பி நின்றால் மலையைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாத ஊர் அது. அங்கே வளர்ந்தவளுக்கு மலை தெரியாதாம். நல்ல கூத்து.

இருபத்தொரு வருடமாக நான் இருப்பது சுவிட்சர்லாந்தில், ஆல்ப்ஸ் மலைக்கு நடுவில் ஒரு சின்ன ஊரில். கணவர் மணி இங்கே ஓட்டல் ஒன்றில் சமையற்காரர். நான் முதியோர் இல்லத்தின் சமையற்கட்டில் வேலை பார்க்கிறேன். மகள் நிலா இங்கேயே பிறந்து இங்கேயே படிக்கிறவள். தமிழை விருந்துக்குப் போன வீட்டில் காப்பி குடிப்பது மாதிரி அளவாகத்தான் பேசுவாள். குடியுரிமைக்கு மனுப் போட்டது நான். சின்னப் பெண் என்பதால் அவள் பெயரும் என் மனுவிலேயே இருந்தது. மணி போடவில்லை. "அந்த பாஸ்போர்ட்டக் குடுத்துட்டா அப்புறம் நான் யாருடி?" என்று கேட்டுவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார்.

இந்த நாட்டில் மாநிலமும் மத்திய அரசும் சம்மதிப்பதற்கு முன்னால், நீங்கள் குடியிருக்கும் ஊர் சம்மதிக்க வேண்டும். அதற்கு முன்னால் படிவங்கள். நான் பிறந்தது போடி ஆஸ்பத்திரியில். பிறந்த ஊர் எழுதும் இடத்தில் பன்னிரண்டு கட்டம் இருந்தது; போடிநாயக்கனூரை அவர்கள் எழுத்தில் எழுதினால் பதின்மூன்று வருகிறது. கடைசி எழுத்து வெளியே நின்றது. அலுவலகத்துப் பெண் அதை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, இது செல்லுமா என்று மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றாள். மூன்று வாரம் கழித்துச் செல்லும் என்று கடிதம் வந்தது.

பிறகு நேர்காணல். ஊர்க்குழு ஐந்து பேர் ஒரு நீள மேசைக்கு அந்தப் பக்கம். நான் மட்டும் இந்தப் பக்கம். தலைவர் மாடு வளர்ப்பவர். கை இரண்டும் மண்வெட்டி பிடித்த கை என்று பார்த்தவுடன் தெரிந்தது. எனக்கு அது கொஞ்சம் தைரியம் கொடுத்தது. அந்தத் தைரியத்தில் அவரை 'நீ' போட்டுப் பேசிவிட்டேன். நான் ஜெர்மன் கற்றுக்கொண்டது இல்லத்துப் பாட்டன்மாரிடம். அவர்கள் எல்லோரையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார்.

வாக்குரிமை, வரி, பள்ளிக்கூடம் எல்லாம் கேட்டார்கள். சொன்னேன். கடைசியில் தலைவர் லேசாகச் சிரித்து, இது சுலபமான கேள்வி என்றார். "நம் நாட்டின் உயரமான மலைகள் ஐந்தைச் சொல்லுங்கள்."

நான் மூச்சு விடாமல் சொன்னேன்: "ஃபூர்க்கா, கிரிம்செல், சூஸ்டன், கோட்ஹார்ட், நூஃபனன்." போதாக்குறைக்கு, நூஃபனன்தான் இதில் உயரம், இரண்டாயிரத்து நானூற்று எழுபத்தெட்டு மீட்டர் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இவை கணவாய்கள்" என்றார் பேனா அம்மாள். "மலை மேல் போகும் சாலைகள். நாங்கள் கேட்டது சிகரங்களை."

அடுத்த கேள்வி, எந்தச் சிகரத்தில் ஏறியிருக்கிறீர்கள் என்பது. ஒன்றிலும் இல்லை என்றேன். பத்தொன்பது வருடத்திலா என்று தலைவர் கேட்டார். எனக்கு மேலே என்ன வேலை என்று திருப்பிக் கேட்டேன். வாய் அப்படி.

2

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் எனக்கே விளங்கியது. நான் உளறவில்லை. எங்கள் ஊர்க்காரி எவளைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

எங்கள் பக்கம் மலைக்குப் பெயர் உச்சியை வைத்து வருவதில்லை, தாண்டுகிற இடத்தை வைத்து வரும். அந்த இடத்துக்கு மெட்டு என்று பெயர். போடிக்கு மேலே போடிமெட்டு. கம்பத்துக்கு மேலே கம்பம்மெட்டு. தேவாரத்துக்காரர்கள் சாக்கலூத்து மெட்டு என்பார்கள். அதற்கு மேலே இருக்கிற முகட்டுக்கு என்ன பெயர் என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். அதில் மேகம் உட்கார்ந்தால் மழை, அவ்வளவுதான் அதற்கும் நமக்கும் உள்ள சம்பந்தம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இரண்டு வருடம் நானும் அம்மாவோடு ஏலத்தோட்ட வேலைக்குப் போனேன். விடிவதற்கு முன்னால் ஜீப். ஓட்டுவது என் அண்ணன் பாண்டி. இன்றைக்கும் அதே சோலிதான் அவனுக்கு. பெண்கள் ஒவ்வொருவராக ஏற ஏறத் தலையை எண்ணுவான். எண்ணிக்கை சேராமல் வண்டியை எடுக்கமாட்டான். "இன்னும் ஒரு ஆளு, வெரசா வாங்க ஆத்தா" என்று கத்துவான். கடைசி ஆள் ஏறி, இடுப்புக்கும் இடுப்புக்கும் நடுவில் காற்றுப் போக இடமில்லாமல் ஆனதும் வண்டி கிளம்பும். பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் இந்தப் பக்கத்து ஆட்கள் அந்தப் பக்கத்து ஆட்கள் மேலே சாய்வோம், கெட்ட வார்த்தையில் சிரிப்போம். மெட்டைத் தாண்டினால் கேரளா, குளிர், தோட்டம், கூலி. மழைக்காலத்தில் காலையில் முதல் பேச்சே "மெட்டு தெறந்திருக்கா?" என்பதுதான். மண் சரிந்து மெட்டு அடைத்துவிட்டால் அன்றைக்கு அடுப்பைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.

இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் சமையற்கட்டு ரேடியோவில் காலைச் செய்தி கேட்டேன். ஃபூர்க்கா மூடியிருக்கிறது, கிரிம்செல் மூடியிருக்கிறது, சூஸ்டன் மூடியிருக்கிறது. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. அடியாத்தி, இவர்களுக்கும் மெட்டு இருக்கிறது! அன்றைக்கே எல்லாப் பெயரையும் மனப்பாடம் செய்தேன். இந்த நாட்டில் நான் ஆசையாகக் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. அதைச் சொல்லித்தான் தோற்றேன்.

3

குடியுரிமை எனக்கு எதற்கு என்று ஊரில் கேட்கிறவர்கள் உண்டு. ஒரு பஸ்ஸுக்காக.

நாங்கள் இருப்பது ஊரின் மேல்கட்டில், சரிவில். இல்லம் கீழே இருக்கிறது. காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு சின்ன பஸ் மேலிருந்து கீழே போகும். அதில் போவது நான், கூட வேலை பார்க்கும் மார்லீஸ், பால்பண்ணைக்குப் போகிற ஒருவர், இன்னும் இரண்டு மூன்று பேர். ஆள் குறைவு, ஊர் ஏன் செலவழிக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. ஊர்க்கூட்டம் போட்டார்கள். இங்கே கூட்டத்தில் எல்லோரும் கையைத் தூக்கி முடிவு செய்வார்கள். இரண்டு பேர் வரிசை வரிசையாக நடந்து கைகளை விரலை நீட்டி எண்ணுவார்கள்.

நானும் போனேன். வாக்கில்லாதவர்களுக்கென்று பின்னால் சுவரோரமாகத் தனியாக எட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்தேன். பஸ் வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றதும் மார்லீஸ் தூக்கினாள். எண்ணுகிறவர் கடைசி வரிசை வரைக்கும் வந்தார். எனக்கு எதிரே, கை எட்டும் தூரத்தில் நின்றார். என் முகத்தைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார்.

நாலு கை குறைந்ததில் பஸ் நின்றுபோனது. அதில் தினம் போய் வந்தவள் நான். நான் ஒரு ஆளாகக் கணக்கில் வரவில்லை. ஜீப்பில் எத்தனையோ நாள் என்னைச் சரக்கு மாதிரி எண்ணியிருக்கிறார்கள், அப்போது கோபம் வந்தது. எண்ணாமல் போனது அதைவிட வலித்தது. மறுநாளே மனுப் படிவம் வாங்கி வந்தேன்.

அந்தக் குளிர்காலத்திலிருந்து நானும் மார்லீஸும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நாற்பது நிமிடம் பனியில் இறங்கி நடந்தோம். அவள் இரண்டு தடவை விழுந்தாள், நான் ஐந்து தடவை.

நேர்காணல் முடிவு கடிதமாக வந்தது. மனுதாரர் நாட்டின் புவியியலோடும் இங்குள்ள வாழ்க்கை முறையோடும் போதுமான அளவு பழகவில்லை. ஓராண்டு கழித்து மீண்டும் வரலாம். நிலா அதைப் படித்துவிட்டு மேசையில் வைத்தாள்.

"அம்மா, அது மலை இல்ல. அது வழி."

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்டி."

"எங்களுக்குன்னா யாருக்கு? எனக்கு இல்ல. என் பேரும் அதுல இருக்கு. கிளாஸ்ல எல்லாரும் கேப்பாங்க. எங்கம்மாக்கு மேட்டர்ஹார்ன் தெரியாதுன்னு நான் சொல்லணுமா?"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். 'எங்களுக்கு' என்ற ஒரு சொல்லில் அவள் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாக நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அழுதேன். அழுதுவிட்டு இட்லிக்கு ஊறப் போட்டேன். விடுவதாக இல்லை.

4

இரண்டு நாள் கழித்துக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. நிலாவின் கையெழுத்து. டூஃபூர்ஷ்பிட்ஸ, 4634 மீட்டர், நாட்டிலேயே உயரம். டோம், 4545. வைஸ்ஹார்ன், 4506. மேட்டர்ஹார்ன், 4478; சாக்லேட் டப்பாவில் எல்லாம் அதன் படம் இருந்தாலும் உயரத்தில் அது முதலாவது இல்லை. வடமேற்கில் யூரா மலைத்தொடர், தெற்கில் ஆல்ப்ஸ், நடுவில் மேட்டுநிலம். வாரத்துக்கு ஒரு அட்டை மாறியது. நான் பருப்பு வேகவைத்துக்கொண்டே ஒப்பிப்பேன், அவள் தப்பைத் திருத்துவாள். கோபம் போனதா என்று நான் கேட்கவில்லை.

ஒரு அட்டையில் ஆனைமுடி, 2695 என்று எழுதியிருந்தது. "இது உன் ஊருக்கு மேலதான இருக்கு? தென்னிந்தியாவுலயே உயரமாம். உனக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியாது. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"ஆனைமுடியா? மூணாறு பக்கட்டு இருக்குன்னு சொல்லுவாக ஆத்தா" என்றான். "எனக்கு எதுக்கு அது? அங்க லோடு கெடையாதே."

"இங்க அதக் கேட்டுத்தான் பாஸ் போடுறாங்க அண்ணே."

"என்னாத்தா சொல்ற? இங்கயும் இப்பப் பட்டணத்து ஆளுக வந்து, உச்சிக்குக் கூட்டிட்டுப் போ, சூரியன் உதிக்கிறதப் பாக்கணும்ங்கிறாக. ஏன், அவுக ஊருல உதிக்காதா?" என்று சிரித்தான். பிறகு குரலை இறக்கி, "பரவால்ல. கேக்குறதுக்குப் பதிலச் சொல்லிட்டு வாங்கிப்புடு. நம்ம வீட்டு ஆளு தோத்துட்டு வந்ததா இருக்கக் கூடாது" என்றான்.

கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேலே போகலாம் என்று நிலாவைக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மலை ஆனைமுடியைவிடச் சில மீட்டர்தான் கூடுதல். இந்த நாட்டில் அதற்குப் பள்ளிக்கூட வரைபடத்தில் பெயர்கூடக் கிடையாது. புளிச்சோறு, அவித்த முட்டை, ஊறுகாய், இரண்டு பாட்டில் தண்ணீர், குடை, போர்வை எல்லாம் கட்டிக்கொண்டேன். "அம்மா, நாம குடி போகல" என்றாள். ஐந்து மணி நேரம் ஏறினோம். தோட்டத்துக் கால் மறக்கவில்லை. கடைசி ஏற்றத்தில் அவள்தான் மூச்சு வாங்கினாள், நான் பையை வாங்கிக்கொண்டேன்.

உச்சியில் ஒரு மரச்சிலுவையும், தகரப் பெட்டிக்குள் ஒரு நோட்டும் இருந்தன. ஏறி வந்தவர்கள் பெயரும், ஊரும், ஒரு வரியும் எழுதுவார்களாம். எல்லோரும் அற்புதம், சொர்க்கம் என்று எழுதியிருந்தார்கள். காட்சி நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. நான் பெயரை எழுதி, ஊர் என்ற இடத்தில் போடிநாயக்கனூர் என்று தமிழிலேயே எழுதினேன். கட்டம் எதுவும் இல்லை. கீழே ஒரு வரி: "வந்தாச்சு. மேலே ஒரு சோலியும் இல்லை." நிலா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தமிழில் எழுதியதை அவள் படித்துச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

5

இரண்டாவது நேர்காணலிலும் அதே ஐந்து பேர், அதே மேசை. இந்தத் தடவை எல்லோருக்கும் 'நீங்கள்' போட்டேன், பக்கத்தில் படுத்திருந்த தலைவரின் நாய்க்குக்கூட.

மலை வந்தது. டூஃபூர்ஷ்பிட்ஸவில் தொடங்கி உயரத்தோடு சொன்னேன். யூராவைச் சொன்னேன். பேனா அம்மாள் தலையை ஆட்டினார். ஏதாவது சிகரம் ஏறினீர்களா என்றார் தலைவர். ஏறினேன், நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன் என்று மலையின் பெயரைச் சொன்னேன். எப்படி இருந்தது?

நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நிலா வாசலிலேயே கையைப் பிடித்து, "அம்மா, கேட்டதுக்கு மட்டும் சொல்லு" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். என்னால் முடியவில்லை.

"நன்றாக இருந்தது. ஆனால் அதற்காக எனக்கு மலை பழகிவிட்டது என்று எழுதாதீர்கள்" என்றேன். "போன வருடம் மலை பழக்கமில்லை என்று எழுதினீர்கள். நீங்கள் காலை பஸ்ஸை நிறுத்தியதிலிருந்து நான் தினமும் உங்கள் மலையில்தான் நடந்து இறங்குகிறேன். எந்த வளைவில் பனி கண்ணாடியாக உறையும், எந்த மரத்தடியில் காற்று திரும்பும் என்று எனக்குத் தெரியும். நான் பிறந்த இடத்தில் மலை என்றால் ஆட்கள் தாண்டிப் போகிற இடம். தாண்ட முடியாத அன்றைக்கு வேலை இல்லை. அதனால்தான் போன வருடம் கணவாய்களைச் சொன்னேன். உங்கள் கேள்விக்கு அது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். எனக்கு அது தப்பில்லை."

பேனா அம்மாள் எழுதவில்லை. போச்சு, பிள்ளையின் பெயரையும் சேர்த்துக் கெடுத்தோம் என்றுதான் நினைத்தேன். தலைவர் நாயைத் தடவிக்கொண்டே, நீங்கள் போகலாம், முடிவு கடிதத்தில் வரும் என்றார். அவர் முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வெளியே நிலா நின்றாள். "சொன்னியா?"

"சொன்னேன்."

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் வீடு வரைக்கும் என் கையை விடவில்லை.

6

ஊர் சம்மதம் ஆறு வாரத்தில் வந்தது. ஒரே வரி, காரணம் எதுவும் எழுதவில்லை. பிறகு மாநிலம், பிறகு மத்திய அரசு, ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். எல்லாம் முடிந்து பழைய பாஸ்போர்ட்டைத் தூதரகத்துக்கு அனுப்புகிற அன்று, அதில் இருந்த என் படத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். மணிதான் தபால் நிலையம் வரைக்கும் கூட வந்தார். உறையை அவரே ஒட்டினார்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊர்க்கூட்டம். காலை பஸ்ஸைத் திரும்ப விட வேண்டும் என்று மார்லீஸ் மனுக் கொடுத்திருந்தாள். மூன்று குளிர்காலம் நடந்துவிட்டோம். கூடத்துக்குள் நுழைந்ததும் என் கால் பழக்கத்தில் சுவரோரத்து நாற்காலிக்குப் போய்விட்டது. உட்காரவும் உட்கார்ந்துவிட்டேன். நடுவரிசையிலிருந்து மார்லீஸ் திரும்பிப் பார்த்து, பக்கத்து நாற்காலியைத் தட்டினாள். எழுந்து போனேன். சுவரோரத்தில் நிலா உட்கார்ந்தாள். அவளுக்கு இன்னும் வாக்குப் போடுகிற வயதாகவில்லை.

பஸ் வேண்டாம் என்று இரண்டு பேர் பேசினார்கள். மார்லீஸ் வேண்டும் என்று பேசினாள். மேடையில் குழுத் தலைவர், வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். தூக்கினேன். எண்ணுகிறவர் அதே ஆள்தான். வரிசை வரிசையாக வாய்க்குள் முணுமுணுத்தபடி வந்தார். மார்லீஸ் முப்பத்தெட்டு. அடுத்து என் முன்னால் நின்றார். முகத்தைப் பார்த்தார். என் கைக்கு நேரே விரலை நீட்டினார்.

"முப்பத்தொன்பது."

ஊரில் ஜீப்பு கிளம்புகிற நேரம் வரும்வரை அன்று நடுராத்திரி வரைக்கும் விழித்திருந்து அண்ணனுக்குப் போன் போட்டேன். போடியில் ஜீப்பு நிறுத்தத்தில் நின்றான். பின்னால் பெண்கள் சத்தம் கேட்டது.

"அண்ணே, என்னைய எண்ணிட்டாங்க."

"எத்தனாவது ஆளு?"

"முப்பத்தொம்போது."

"ஆத்தாடி! என் ஜீப்பு தாங்காது" என்றான். பிறகு மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சரி ஆத்தா, வண்டி கெளம்பிருச்சா இல்லையா?"

"கெளம்பிருச்சு அண்ணே. டிசம்பர்லருந்து பஸ் ஓடுதாம்."